கடல் உயிரியலாளரின் நாள் எங்கே கழிகிறது?

"சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கடல் உயிரியலாளர் ஆக வேண்டும் என்று ஆசை. நீச்சல் தெரியாது. வீட்டில் 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை' என்கிறார்கள். இந்த வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கல்லூரி, எவ்வளவு சம்பளம் என்று நீங்கள் தொடங்கவில்லை. டால்பினும் ஆமையும் வரும் காணொளிகளைப் பார்த்து எழுந்த ஆசை, அவை எதுவும் கண்ணில் படாத நாட்களிலும் நிற்குமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். படிப்பு, வேலை, வருமானம் பற்றியும் சொல்கிறேன். அவற்றுக்கு முன்னால் நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

நான் பேசுவது மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரைக்குமான கரையில் பல வருடம் மீன்வளமும் பவளப்பாறையும் பார்த்த அனுபவத்திலிருந்து. ஆழ்கடல் ஆராய்ச்சி, மரபணு ஆய்வுக்கூடம், வெளிநாட்டுப் பல்கலைக்கழக வாழ்க்கை ஆகியவற்றை நான் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அவற்றைப் பற்றி அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்.

கடல் உயிரியலாளர் என்றதும் தண்ணீருக்கு அடியில் இருக்கும் ஆள்தான் எல்லோருக்கும் நினைவு வருகிறார். என்னுடைய வேலையில் பெரும்பகுதி மீன் இறங்குதளத்தில் போனது. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் இரவெல்லாம் மடி என்னும் இழுவலையை இழுத்துவிட்டு விடியலில் திரும்பும். தூத்துக்குடியில் காலை ஐந்து மணிக்குப் போய் இரவு ஒன்பது மணிவாக்கில் வந்து சேரும். படகு கரை தொட்டதிலிருந்து ஏலம் முடிவதற்குள் நம் வேலை முடிந்திருக்க வேண்டும். எத்தனை படகு வந்தது, எந்த வலை, எத்தனை மணி நேரம் இழுத்தது, எந்தத் திசையில் எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழத்தில் என்று கேட்டுக் குறிக்க வேண்டும். கூடைகளை எண்ணி, இனம் பிரித்து, மாதிரிக்குச் சில மீன்களை எடுத்து அளவுப் பலகையில் வைத்து மூக்கு நுனியிலிருந்து வால் வரை நீளம் எடுக்க வேண்டும். ஏலக்காரர் அவசரத்தில் இருப்பார், ஐஸ் பெட்டி வண்டி பின்னாலேயே ஹாரன் அடிக்கும், நாம் குனிந்தபடி காரலையும் சங்கராவையும் அளந்துகொண்டிருப்போம். விற்கத் தேறாத பொடிமீன் குவியலை இங்கே சங்காயம் என்பார்கள். கோழித் தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகும் அந்தக் குவியலில்தான் கடலின் நிலைமை அதிகம் தெரியும். வஞ்சிரம், பாறை, கணவாய் இவற்றின் குஞ்சுகள் அதில் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று கிளறிப் பார்ப்பது பிடித்துப்போனால் இந்தத் தொழில் உங்களுக்கு ஒத்துவரும் என்று தயங்காமல் சொல்வேன்.

இப்படிக் குறித்த எண்களை வைத்துத்தான் நாட்டின் மீன்பிடிப்பு எவ்வளவு என்ற கணக்கே வருகிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947 பிப்ரவரி 3 அன்று தொடங்கப்பட்டது. மண்டபம் முகாமில் பல வருடம் தலைமையிடம் இருந்து, 1971ல் கொச்சிக்குப் போனது. இந்தியக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறங்குதளங்கள் இருக்கும்போது எல்லாவற்றிலும் தினமும் ஆள் நிறுத்த முடியாது. அதனால் கரையை மண்டலங்களாகவும் மாதத்தைப் பத்துப் பத்து நாளாகவும் பிரித்து, குலுக்கல் முறையில் நாளைத் தேர்ந்தெடுத்துப் போவார்கள். ஒரு நாள் நண்பகலிலிருந்து மாலை வரை, மறுநாள் காலையிலிருந்து நண்பகல் வரை, நடுவில் உள்ள இரவுக்கு விசாரித்துத் தெரிந்துகொண்டது. கேட்க எளிமையாக இருக்கும். அந்த நாளில் மழை கொட்டினாலும், ஊரில் கோயில் கொடை விழா என்றாலும் போய்த்தான் ஆக வேண்டும். வசதியான நாளுக்கு மாற்றிக்கொண்டால் கணக்கின் அடிப்படையே போய்விடும். நேர்மை இந்தத் தொழிலில் இப்படிச் சின்னச் சின்ன இடங்களில்தான் சோதிக்கப்படுகிறது. யாரும் பார்க்க மாட்டார்கள், யாருக்கும் தெரியவும் தெரியாது.

கரையிலிருந்து ஆய்வுக்கூடம். வாங்கி வந்த மீனைக் கீறி ஆணா பெண்ணா, சினை எந்த நிலையில் இருக்கிறது, வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வருடம் முழுக்க இதைச் செய்தால் அந்த இனம் எப்போது முட்டையிடுகிறது, எவ்வளவு நீளத்தில் முதன்முதலில் சினை பிடிக்கிறது என்று தெரியவரும். வலைக்கண் எவ்வளவு இருக்க வேண்டும், எதைவிடச் சின்ன மீனைப் பிடிக்கக் கூடாது என்ற விதிகள் இந்த எண்களிலிருந்துதான் பிறக்கின்றன. மீனின் வயதை அறிவது இன்னும் சிக்கல். கத்தாழை மீனின் தலையில் வெள்ளையாக ஒரு கல் இருக்குமே, அதைப் போன்ற செவிக்கல் எல்லா எலும்பு மீன்களுக்கும் உண்டு. குளிர்நாடுகளில் அதை மெல்லியதாக அறுத்து, மரத்தின் வளையத்தை எண்ணுவதுபோல வருட வளையத்தை எண்ணிவிடுவார்கள். நம் கடலில் கோடைக்கும் குளிருக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லாததால் வளையம் தெளிவாக விழுவதில்லை. அதனால் ஆயிரக்கணக்கான மீன்களின் நீளத்தை மாதாமாதம் எடுத்து, எந்த நீளத்தில் கூட்டம் அதிகமாக இருக்கிறது, அந்தக் கூட்டம் அடுத்த மாதம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து வளர்ச்சியைக் கணிக்கிறோம். டேனியல் பாலி என்ற விஞ்ஞானி இதற்கென 1980 வாக்கில் கொண்டுவந்த கணினி முறை நம்மைப் போன்ற நாடுகளில் பரவலாகப் பயன்பட்டது. இந்த முறை தருவது மதிப்பீடு. இன்ன மீன் இரண்டு வயதில் இவ்வளவு நீளம் என்று அடித்துச் சொல்லும் கட்டுரைகளை நான் கொஞ்சம் தள்ளி வைத்தே படிப்பேன்.

கடலடித் தரையில் வாழும் உயிரிகளைப் படிப்பவர்களின் நாள் வேறு மாதிரி. கடலடிச் சேற்றை அள்ளி வந்து அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, ரோஸ் பெங்கால் சாயத்தில் ஊறவைத்தால் உயிரிகள் மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரியும். அவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பல்முட்புழு ஒரு குப்பி, சிப்பி ஒரு குப்பி என்று பிரித்து, உருப்பெருக்கியில் முள் எப்படி வளைந்திருக்கிறது என்று பார்த்துப் பெயர் வைக்க வேண்டும். ஒரு சேற்று மாதிரி நாள் கணக்கில் இழுக்கும். மிதவையுயிரி பார்ப்பவர்களுக்கு ஒரு மில்லிலிட்டர் தண்ணீரை ஆயிரம் கட்டமாகப் பிரிக்கும் கண்ணாடிச் சில்லில் எண்ணிக்கொண்டே இருப்பதுதான் வேலை. கழுத்து வலியும் கண் எரிச்சலும் இந்தப் பிரிவுக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. மாதிரிகள் கெடாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலின் வாடை முடியில் ஏறினால் லேசில் போகாது. ஆனால் இனம் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் குறைந்துகொண்டே வருகிறார்கள். மரபணு வரிசையை இயந்திரம் படித்துவிடும். அது எந்த உயிரியின் வரிசை என்று சொல்ல, அந்த உயிரியைக் கையில் எடுத்துப் பார்த்துப் பெயர் சொன்ன ஒருவர் முதலில் இருந்தாக வேண்டும். உங்களுக்குப் பொறுமையும் கூர்மையான கண்ணும் இருந்தால் ஒரு உயிரினக் குழுவைப் பிடித்துக்கொண்டு அதில் ஆழமாகப் போங்கள் என்பது என் உறுதியான யோசனை.

கடலுக்குள் போகும் நாட்களும் உண்டு, அவை குறைவு என்றாலும். மண்டபத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசித் தென்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வடகடல் ஓரளவு அமைதியாக இருக்கும், வாடை தொடங்கினால் அது தலைகீழாகும். தென்கடல் மன்னார் வளைகுடா, வடகடல் பாக் விரிகுடா. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986ல் கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள், பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அவற்றில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் இன்று நீருக்கு அடியில் இருக்கின்றன. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல்லாண்டுகளாகப் பவளப்பாறையை வெட்டியெடுத்ததை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறோம். தீவுகளைச் சுற்றிய பாறைகள் பெரும்பாலும் ஆழம் குறைந்தவை. பல இடங்களில் காற்று உருளை இல்லாமல், முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டுக்கொண்டே வேலை பார்க்கலாம். பாறைமேல் அளவு நாடாவை விரித்து, நாடாவுக்கு அடியில் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை உயிருள்ள பவளம், எங்கே செத்த பவளம், எங்கே பாசி, எங்கே மணல் என்று நீரில் எழுதும் பலகையில் குறிக்க வேண்டும். அதே இடத்தில் அடுத்த வருடமும் அதையே செய்ய வேண்டும்.

இதை ஏன் வருடா வருடம் செய்கிறோம் என்பது 2010லும் 2016லும் தெரிந்தது. கோடையில் நீர் வெப்பம் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடி வாரக்கணக்கில் நீடித்தால், பவளத்தின் திசுவுக்குள் இருந்து அதற்கு உணவு தரும் நுண்பாசிகள் வெளியேறிவிடுகின்றன. பவளம் வெளிறி வெள்ளையாகிறது. வெளிறினால் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. வெப்பம் சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வந்து பிழைத்துக்கொள்ளும், தணியாவிட்டால் பட்டினியில் சாகும். மான்கொம்புபோல் கிளைவிட்டு வளரும் இனங்கள் முதலில் போகின்றன, பாறாங்கல்போல் திரண்டு வளர்பவை அதிகம் தாங்குகின்றன. இதுவரை உறுதி. அடிக்கடி வெளிறும் பாறையில் பிழைத்துக்கொண்ட பவளங்கள் அடுத்த வெப்பத்தையும் தாங்கும் அளவுக்குப் பழகிக்கொள்ளுமா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. துண்டுகளை நட்டு வளர்க்கும் மீட்பு வேலை இங்கே நல்ல முறையில் நடக்கிறது. ஆனால் கடல் சூடாகிக்கொண்டே போனால் நட்டதும் சேர்ந்துதானே வெளிறும் என்ற கவலை அதைச் செய்பவர்களுக்கே இருக்கிறது. போன வருடம் நிறத்தோடு பார்த்த பாறையை இந்த வருடம் வெள்ளையாகப் பார்த்துவிட்டு, பலகையில் "வெளிறியது, வெளிறியது" என்று வரிசையாக எழுதுவது மனதைப் பாரமாக்கும் வேலை. அந்தப் பாரம் பழகிவிடும் என்று சொல்ல மாட்டேன், எனக்குப் பழகவில்லை.

தெரியாது என்று சொல்லும் துணிவும் இந்தத் தொழிலுக்கு வேண்டும். 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கடற்கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. மீனவர்கள் தோளும் கயிறும் கொடுத்துச் சிலவற்றைக் கடலுக்குள் தள்ளினார்கள், 40க்கும் மேற்பட்டவை செத்துப்போயின. அன்றே எல்லோரும் கேட்ட கேள்வி, ஏன்? நிலநடுக்கமா, கப்பல் ஒலியா, நோயா, கூட்டத்தை நடத்திப்போன திமிங்கிலம் வழி தவறியதா? இந்த வகைத் திமிங்கிலங்கள் நெருக்கமான உறவுக் கூட்டமாக வாழ்பவை, ஒன்று கரைக்கு வந்தால் மற்றவை விட்டுவிட்டுப் போவதில்லை என்பது தெரிந்த விஷயம். முதலாவது ஏன் வந்தது என்பதற்குச் சான்றோடு கூடிய பதில் இல்லை. இதே கரையில் 1973 ஜனவரியிலும் இதே இனம் 147 கரை ஒதுங்கியது. அது நமக்குத் தெரிவதற்குக் காரணம், அன்று தூத்துக்குடியில் வேலை பார்த்த சிலர் உடனே கடற்கரைக்குப் போய் எண்ணி, அளந்து, எழுதி வைத்ததுதான். 43 வருடம் கழித்து அதே இடம், அதே மாதம் என்று ஒப்பிட முடிந்தது அந்தக் குறிப்பால்தான்.

அந்தக் குறிப்பை எழுதியவர்களில் கே. அழகர்சாமியும் ஒருவர். அவர் பெயர் அதிகம் பேசப்படுவது வேறொரு காரணத்துக்காக. அதே 1973ல் தூத்துக்குடியில் அவர் தலைமையில்தான் முத்துச்சிப்பிக்குள் சிறு மணி ஒன்றைக் கருவாக வைத்து உருண்டை முத்தை வளர்த்தெடுக்கும் முறை இந்தியாவில் முதன்முதலாகக் கைகூடியது. சங்க காலத்திலிருந்து முத்துக்குப் பேர்போன கரை இது. 1961க்குப் பிறகு பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை, சிப்பி வாழும் கடலடித் திட்டுகளான பார்களில் சிப்பி தேறவில்லை. அந்த நிலையில் ஜப்பானியர்கள் பொத்திப் பாதுகாத்த நுட்பத்தை இங்கே சொந்தமாகக் கண்டுபிடித்தார்கள். இன்னொருவர் டி. பி. ஜேம்ஸ். வாழ்நாள் முழுக்கக் கடல் அட்டையையும் அதன் உறவினங்களையும் படித்தவர். 1988ல் தூத்துக்குடியில் வெள்ளை அட்டை என்ற கடல் அட்டை இனத்தைப் பொரிப்பகத்தில் முட்டையிடச் செய்து குஞ்சு வளர்த்தார், உலகிலேயே முதல்முறை. பிறகு 2001ல் எல்லாக் கடல் அட்டை இனங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமானது. இங்கே தொடங்கிய அந்தப் பொரிப்பக முறையை வைத்து வேறு நாடுகளில் பண்ணைகள் நடக்கின்றன. எதிர்க்கரையில் இலங்கையில் உரிமம் வாங்கிக்கொண்டு அட்டை வளர்க்கிறார்கள். ஆராய்ச்சி ஒரு திசையில் போக, சட்டம் வேறு திசையில் போவது உண்டு. நாம் கண்டுபிடித்தது நம் காலத்தில் நம் ஊருக்குப் பயன்படும் என்று எதிர்பார்த்து இந்தத் துறைக்கு வர முடியாது.

அந்தத் தடை பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். அட்டை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டது உண்மை. தடைக்கு முன்னும் பின்னும் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிடப் போதுமான தொடர் கணக்கெடுப்பு இல்லை என்பதும் உண்மை. மூச்சடக்கி மூழ்கி அட்டை எடுத்தே பிழைத்த குடும்பங்கள் இரவோடிரவாகக் குற்றவாளிகளாயின. "கடல்ல நெறயக் கெடக்கு மேடம், வந்து பாருங்க" என்று அவர்கள் சொன்னால் அதைப் பொய் என்று தள்ளும் அளவுக்கு நம் கையில் எண் இருக்க வேண்டும். இல்லாதபோது போய்ப் பார்ப்பதுதான் நம் கடமை. கடல் உயிரியலாளர் எழுதும் ஒரு பக்க அறிக்கை ஒரு கிராமத்தின் அடுப்பைத் தொடும். இங்கே பாசி எடுக்கும் பெண்கள், சங்கு குளிப்பவர்கள், நாட்டுப்படகுக்காரர்கள் எல்லோரும் நம்மைவிட அதிக நாட்கள் அந்தக் கடலைப் பார்த்தவர்கள். கடற்பசுவை அவர்கள் ஆவுளியா என்பார்கள். அது மேயும் கடல்புல் படுகைகள் எங்கே இருக்கின்றன என்று அவர்கள் கைகாட்டிய இடத்திலிருந்துதான் பல ஆய்வுகள் தொடங்கின. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவர் இருக்கும்வரை அந்த அறிவிப்புக்கு உயிர் இருக்கும். அதனால் கரைக்காரர்களிடம் உட்கார்ந்து பேசத் தெரிவதை நான் ஒரு தகுதியாகவே கணக்கில் எடுப்பேன். உங்கள் தமிழ் இங்கே பெரிய பலம்.

இனிப் படிப்பும் பிழைப்பும். விலங்கியல் முடித்தவர்கள் எம்.எஸ்ஸி. கடல் உயிரியல் படிக்கப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. வெள்ளாற்றுக் கழிமுகம் வாசலிலேயே, பிச்சாவரம் அலையாத்திக் காடு பக்கத்திலேயே. அழகப்பா பல்கலைக்கழகத்துக்குத் தொண்டியிலும், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு ராஜாக்கமங்கலத்திலும் கடல்சார் துறைகள் உண்டு. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் போர்ட் பிளேர் வளாகம் இரண்டும் நல்லவை. பன்னிரண்டாவது முடித்த உடனே கேட்டிருந்தால் நான்கு வருட மீன்வள அறிவியல் பட்டத்தையும் சொல்லியிருப்பேன். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977லிருந்து நடக்கிறது. நீங்கள் இப்போது இருக்கும் இடத்திலிருந்து எம்.எஸ்ஸி.தான் நேர் வழி. சேரும் முன் அந்தத் துறையில் இப்போது எத்தனை ஆசிரியர்கள், படகு ஓடுகிறதா, களப்பயணம் நடக்கிறதா என்று இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள். பழைய பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆராய்ச்சிக்குப் போவதென்றால் சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் உயிர் அறிவியல் தாளை எழுத வேண்டும். இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. முனைவர் பட்டம் முடிக்க ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. அதன்பின் நிரந்தர வேலை கிடைக்கும்வரை திட்டப் பணி. ஒரு திட்டம் மூன்று வருடம், முடிந்தால் அடுத்தது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பலரை இந்தத் துறையிலிருந்து விரட்டுவது இந்த நிச்சயமின்மைதான். முப்பது வயதில் தற்காலிக ஊழியராக இருப்பதைத் தாங்க வீட்டில் கொஞ்சமாவது பிடிமானம் வேண்டும். இதை மறைத்து உங்களை உற்சாகப்படுத்த எனக்கு மனம் இல்லை. வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் (ஏ.எஸ்.ஆர்.பி.) வழியாக வேளாண் ஆராய்ச்சிப் பணியில் விஞ்ஞானியாகச் சேர்ந்தால் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. ஆனால் இடங்கள் குறைவு, எந்தப் பட்டத்துக்குத் தகுதி என்பது அறிவிப்புக்கு அறிவிப்பு கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம். கோவாவில் தேசியக் கடலியல் நிறுவனம், சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னைக் கடல் உயிரியல் மையம் ஆகியவற்றின் அறிவிப்புகளையும் தொடர்ந்து பாருங்கள். மாநில மீன்வளத் துறையில் ஆய்வாளர், உதவி இயக்குநர் பணிகளும் உண்டு. தனியாரில் அதிக வேலை இருப்பது இறால் குஞ்சுப் பொரிப்பகங்களிலும், துறைமுகம், அனல்மின் நிலையம் போன்றவற்றுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதும் நிறுவனங்களிலும். அறிக்கை வேலையில் சம்பளம் நேரத்துக்கு வரும். "இங்கே முக்கிய உயிரினம் எதுவும் இல்லை" என்று எழுதச் சொல்லும் அழுத்தமும் சேர்ந்தே வரும். அதற்கு இணங்காமல் நல்லபடியாக எழுதும் இளைஞர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

உங்கள் வீட்டார் சொல்வதற்கு வருகிறேன். 1964ல் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் பயணத்தில் ஆன்டன் புரூன் கப்பலில் 70 ஆண்களோடு தனி ஒரு பெண்ணாகப் போனவர் அமெரிக்கக் கடல் உயிரியலாளர் சில்வியா எர்ல். 1969ல் கடலடி வீட்டில் தங்கும் ஆய்வுக்கு விண்ணப்பித்தபோது ஆண்களோடு பெண் தங்கக் கூடாது என்று மறுத்தார்கள். மறுவருடம் முழுக்கப் பெண்களே கொண்ட குழுவுக்குத் தலைமை தாங்கி இரண்டு வாரம் நீருக்கடியில் இருந்து காட்டினார். அந்தப் பெருங்கடல் பயணத்தில் சேர்த்த மிதவையுயிரிகளைக் கொச்சியில்தான் பிரித்தார்கள், அந்தப் பயணத்தின் தொடர்ச்சியாகவே 1966ல் கோவா நிறுவனம் பிறந்தது. அங்கிருந்து 1983ல் அண்டார்டிகா போன அதிதி பந்த், இந்திய ஆய்வுக் குழுவில் அந்தக் கண்டத்துக்குப் போன முதல் பெண்கள் இருவரில் ஒருவர். இன்று முதுகலை வகுப்புகளில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிரமங்கள் தீர்ந்துவிட்டன என்று இதற்கு அர்த்தம் இல்லை. நாட்டுப்படகில் கழிப்பறை கிடையாது. விடியற்காலை இறங்குதளத்துக்குத் தனியாகப் போக வேண்டியிருக்கும். "கடலுக்குப் பெண்கள் போக வேண்டாம், கரை வேலை பாருங்கள்" என்று அக்கறையாகவே சொல்லும் மேலதிகாரிகள் இருப்பார்கள், அந்த அக்கறையால் உங்கள் களத் தரவு குறையும். நான் பார்த்தவரை மீனவர்கள் தரப்பில் மரியாதைக் குறைவு வந்ததில்லை. ஒரு மாதம் தொடர்ந்து முகம் காட்டினால், "ஏம்மா நேத்து வரல?" என்று கேட்பார்கள். இரண்டு பேராகக் களத்துக்குப் போகும் ஏற்பாடு உள்ள வழிகாட்டியைத் தேர்ந்தெடுங்கள். ஆராய்ச்சித் தலைப்பைவிட இது முக்கியம் என்றே சொல்வேன்.

நீச்சல் தெரியாதது தடையே இல்லை. இறங்குதளத்திலும் ஆய்வுக்கூடத்திலும் வாழ்நாளைக் கழித்த நல்ல விஞ்ஞானிகள் ஏராளம். ஆனாலும் படகில் ஏறப் போகிறவர் கற்றுக்கொண்டே ஆக வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. சேலத்தில் நீச்சல் குளம் இருக்கும், இந்த வருடமே தொடங்குங்கள். ஸ்கூபாவுக்கு அவசரம் வேண்டாம், எம்.எஸ்ஸி. முடிக்கும் சமயத்தில் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம். அதற்குச் செலவழிக்க நினைக்கும் நேரத்தைப் புள்ளியியலுக்கும் 'ஆர்' என்ற கணினி மொழிக்கும் கொடுங்கள். நெட் தேர்வுக்கு அப்பால் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது இன்று அதுதான். படகில் குமட்டல் வருமே என்று பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் வரும். அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு காற்றுப் படும் இடத்தில் உட்காருங்கள், வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு முறை நாகப்பட்டினத்துக்கோ தூத்துக்குடிக்கோ போய் இறங்குதளத்தில் இரண்டு நாள் நில்லுங்கள். உங்கள் கோடை விடுமுறையில் போனால் ஏமாற்றமாக இருக்கும். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன் மட்டுமே வரும். டிசம்பர் விடுமுறை சரியாக இருக்கும், புயல் எச்சரிக்கை இல்லாத வாரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வழுக்காத செருப்பு, ஒரு நோட்டு, பென்சில் போதும், பேனா மை நனைந்தால் அழிந்துவிடும். வீட்டிலிருந்து யாரையாவது கூட அழைத்துப் போங்கள், அம்மாவோ அண்ணனோ. சங்காயக் குவியல் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வகை மீன் இருக்கிறது என்று பெயர் தெரியாமலே பிரித்து எண்ணிப் பாருங்கள், பெயரை அங்கே மீன் பிரிக்கும் அக்காக்களிடம் கேளுங்கள். எண்ணியதை இங்கே எழுதினால் எந்த இனம் என்று கண்டுபிடிக்க நான் உதவுகிறேன்.